பிடி என்றால் விடு

திங்கட்கிழமை உங்கள் பயிற்சி வகுப்பு தொடங்குகிறதாம். புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு நான் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று கேட்டீர்கள். எதை எழுத? ஆசனப் படம் போட்ட புத்தகங்கள் இப்போது தெருவுக்குத் தெரு கிடைக்கின்றன. எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் தொடங்கிய காலத்தில் எலும்பைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், உடைந்தால் வலிக்கும் என்பதுதான். அதனால் நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். விஜயநகரில் மகன் வீட்டு மாடியில், காபி ஆறுவதற்குள் குடித்துக்கொண்டு, இதை எழுதுவது சுலபம். அன்றைக்கு இதைச் சொல்வது சுலபமாக இல்லை.

மகாராஜா காலம். யுத்தம் வருவதற்கு இன்னும் சில வருஷங்கள் இருந்தன. பள்ளிக்கூடங்களில் டிரில் மாஸ்டர்கள் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி லெஃப்ட் ரைட் போட வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த டிரில் மாஸ்டர்களுக்கே யோகாசனம் சொல்லிக்கொடுத்து, அவர்களை ஆசிரியர்களாகத் திருப்பி அனுப்பவேண்டும் என்று மைசூரில் ஒரு சங்கத்தாருக்குத் தோன்றியது. ஐந்து மாத வகுப்பு. காலை ஐந்து மணிக்குத் தொடங்கினால் பத்து மணிவரை. மறுபடி மூன்றுமுதல் ஆறுவரை. ஞாயிறு மட்டும் ஓய்வு. குழந்தைகளுக்கு ஆசனம் சொல்லிக்கொடுத்த அனுபவம் எங்களுக்கு உண்டு. சொல்லிக்கொடுப்பவர்களைத் தயார் செய்து எங்களில் யாருக்கும் பழக்கமில்லை. அதனால்தானோ என்னவோ என்னைப் போய்த் தலைமை ஆசிரியராகப் போட்டார்கள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. முதல் வகுப்பு ஒழுங்காக முடிந்தால் வேலை நிரந்தரம் என்று சங்கத்தின் மேலாளர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை நான் ராத்திரி பகல் மென்றுகொண்டிருந்தேன்.

இடம் மண்டி மொஹல்லாவில் ஒரு பழைய வெல்லக் கிடங்கு. சுண்ணாம்பு அடித்து, ஜமக்காளம் விரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் வெல்லம் போன பிறகும் எறும்பு போகவில்லை. சவாசனத்தில் இருபத்திரண்டு பேரைப் படுக்கவைத்து, "உடம்பை மறந்துவிடுங்கள்" என்று நான் குழைவாகச் சொல்வேன். இரண்டு நிமிஷத்தில் யாராவது ஒருவர் தொடையைத் தட்டிக்கொண்டு துள்ளி எழுவார். உடம்பை அவர் மறந்தாலும் எறும்பு மறக்கவேண்டுமே.

வந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். காக்கி அரைக்கால் சட்டை, முறுக்கிய மீசை, கழுத்தில் விசில். ஒரு சின்னப் பையன் வந்து குனி, நிமிர் என்கிறானே என்ற கடுப்பு அவர்கள் முகத்திலேயே தெரியும். நான் அதைச் சமாளிக்க ஒரு வழி வைத்திருந்தேன். குரலைத் தடிமனாக்கிக்கொண்டு, குறைவான வார்த்தையில், டிரில் மாஸ்டர்கள் பழகிய கட்டளைத் தோரணையில் பேசுவேன். சொன்னது காதில் விழுந்த மாத்திரத்தில் செய்துவிடவேண்டும், யோசிக்கக்கூடாது. முதல் மாதம் முழுக்க இதைத்தான் பழக்கினேன். நன்றாகப் பழகிவிட்டார்கள். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பு கன்னடத்தில் நடந்தது. நான் வீட்டில் தமிழ், வாசற்படி தாண்டினால் கன்னடம். மைசூரில் நம்மவர்கள் எல்லாரும் அப்படித்தானே. எந்த வார்த்தை எந்தப் பாஷை என்று பேசும்போது யோசிப்பதில்லை. வகுப்பில் நான் ஒரு நாளைக்கு நூறு தரம் சொன்ன வார்த்தை ஒன்று உண்டு. "உசிரு தகொள்ளி" என்றால் மூச்சை உள்ளே வாங்குங்கள். "உசிரு பிடி" என்றால் மூச்சை வெளியே விடுங்கள். இந்தப் 'பிடி'யை உதடு அதிரச் சொல்லவேண்டும், 'பாட்டில்' என்பதில் வரும் முதல் எழுத்துப் போல. கன்னடத்தில் அதற்கு 'விடு' என்று பொருள். உதட்டை அதிரவிடாமல், 'பல்' என்கிற மாதிரி சொன்னால் அது நம் தமிழ்ப் பிடி. எழுதிக் காட்டினால் வித்தியாசமே தெரியாது, நம்மிடம் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். ஒன்று கையைத் திற என்கிறது, மற்றது மூடு என்கிறது.

தங்கவயலிலிருந்து ஏகாம்பரம் என்று ஒரு டிரில் மாஸ்டர் வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது, பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், தூண் மாதிரி உடம்பு. தங்கச் சுரங்கத்தைச் சுற்றி எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள், அவருக்குக் கன்னடம் அரைகுறை. அதை வெளியே காட்டிக்கொள்ளமாட்டார். நான் சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு போய், தங்கியிருந்த அறையில் அதைப் பார்த்துப் பழகுவார். இரண்டாம் மாதம், மூச்சுப் பயிற்சி தொடங்கிப் பதினைந்து நாள் ஆன சமயம், ஒரு நாள் காலை வகுப்பு முடிந்ததும் நெற்றியைக் கையால் அழுத்திக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னா வாத்யாரே, பதினஞ்சு நாளா தல வலி. மண்டைக்குள்ள எவனோ மோளம் அடிக்கிறான். மூச்சப் புடின்றீங்க, புடிக்கிறேன். எப்ப வுடணும்னு சொல்லவே மாட்டேன்றீங்களே!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக, அழகான கையெழுத்தில், 'உசிரு பிடி'. அதற்குப் பக்கத்திலேயே அவருடைய விளக்கம், 'மூச்சை அடக்கு'. மனுஷர் பதினைந்து நாளாக, நான் விடச் சொன்ன இடத்திலெல்லாம் மூச்சை அடக்கி, தாங்கமுடியாமல் போகும்போது திருட்டுத்தனமாக விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று சொன்னதும் நான்தான், பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று அவர் எப்படிப் பார்ப்பார்?

சிரித்துவிட்டேன். அதோடு விட்டேனா? நோட்டை உயர்த்திப் பிடித்து எல்லாருக்கும் கன்னடத்தில் விளக்கிச் சொன்னேன். கிடங்கே குலுங்கிச் சிரித்தது. ஏகாம்பரம் முகம் சிவந்து நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு முதுகைத் தட்டிக்கொடுத்துப் பேசக்கூடத் தெரியாத வயது. தலைவலி தீர்ந்ததல்லவா, அதுபோதும் என்று விட்டுவிட்டேன். ஒரே வார்த்தை ஒருவரைப் பதினைந்து நாள் திண்டாட வைத்திருக்கிறதே, அந்த வார்த்தையை மாற்றுவோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேடிக்கையாகப் போன விஷயத்தை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

ஏகாம்பரத்துக்கு ஜோடியாக நான் போட்டது மாதப்பாவை. குண்டலுபேட்டைக்காரர், முப்பது வயது, அங்கே ஒரு பள்ளியில் தற்காலிக டிரில் மாஸ்டர். இந்த வகுப்பில் தேறினால் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மனைவி, இரண்டு குழந்தைகள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அந்த இருபத்திரண்டு பேரில் என் கட்டளைப் பழக்கம் பரிபூரணமாக ஏறியது அவருக்குத்தான். நான் வாயைத் திறந்து மூடுவதற்குள் அவர் கை அசைந்துவிடும். ஏகாம்பரத்தின் எடையைத் தாங்க அவர் உடம்புதான் சரியாக இருந்தது. பாஷை தெரியாத இரண்டு பேரும் சைகையிலேயே சிநேகமாகி, சாயங்காலம் சேர்ந்து போண்டா தின்னப் போவார்கள்.

நான்காம் மாதக் கடைசியில் சங்கத்தார் ஒரு செய்முறைக் காட்சிக்கு ஏற்பாடு செய்தார்கள். கல்வி இலாகாவைச் சேர்ந்த ஓர் அதிகாரியும் ஒரு டாக்டரும் வந்து பார்த்துவிட்டு, இந்த வகுப்பைத் தொடரலாமா என்று சொல்லவேண்டும். நான் எல்லாரையும் ஜோடி ஜோடியாக நிறுத்தி, நின்றபடியே பின்னால் வளைந்து கையைத் தரையில் ஊன்றுவதைக் காட்டவைத்தேன். வளைகிறவரின் இடுப்பில் அகலமான துண்டைச் சுற்றி, எதிரில் நிற்கும் ஜோடி இரண்டு முனைகளையும் பிடித்துக்கொள்வார். கை தரையைத் தொட்டதும் நான் "பிடி" என்பேன், கன்னடத்தில். துண்டை விட்டுவிடுவார்கள். எண்ணற்ற தரம் செய்து பழகியது.

ஏகாம்பரம் பாதி வளைந்திருந்தார். கை இன்னும் தரைக்கு எட்டவில்லை. அப்போது அவர் குதிகால் ஜமக்காளத்தின் மடிப்பில் வழுக்கியது. முழங்கால் மடங்குவதைப் பார்த்தேன். பதறிவிட்டேன். விழப்போகிறவர் தமிழர், பதறியவன் தமிழன், வாயில் வந்தது வீட்டு வார்த்தை.

"பிடி பிடி பிடி!" என்று கத்தினேன்.

மாதப்பா விட்டுவிட்டார்.

ஒரு தரம் நிறுத்திச் சொன்னால் அது தமிழ்ப் பிடி. மூச்சு வாங்காமல் மூன்று தரம் சொல்லிப் பாருங்கள், இரண்டாவதிலேயே உதடு அதிரத் தொடங்கிவிடும். அதிர்ந்தால் கன்னடம். அதோடு, அந்தக் கிடங்கில் நான்கு மாதமாக அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு பொருள்தான். ஏகாம்பரம் இடது தோளும் கழுத்தும் தரையில் மோத விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. வந்திருந்த டாக்டர் ஓடிவந்தார். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்திருந்தது, கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஒரு கதவைக் கழற்றி அதில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாதப்பா கையில் துண்டில்லாமல், துண்டைப் பிடித்த மாதிரியே நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் மேலாளர் அறையில் விசாரணை. அதிகாரி, டாக்டர், மேலாளர் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நானும் மாதப்பாவும் நின்றோம். துண்டை ஏன் விட்டாய் என்று அதிகாரி கேட்டார்.

"மேஷ்ட்ரு பிடி அந்த்ரு சார், நானு பிட்டே" என்றார் மாதப்பா. வாத்தியார் விடச் சொன்னார், விட்டேன். அவ்வளவுதான் அவர் வாக்குமூலம்.

அதைக் கேட்ட நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பிற்பாடு புரிந்தது என்று நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. ஏகாம்பரத்தின் நோட்டு கண்ணெதிரே வந்து நின்றது. அதிகாரி என் பக்கம் திரும்பி, நீ என்ன சொன்னாய் என்று கேட்டார். கேள்வி கன்னடத்தில்.

கன்னடத்தில் 'கெட்டியாகப் பிடித்துக்கொள்' என்பதற்கு 'ஹிடி' என்பார்கள்.

"ஹிடி அந்தெ சார்" என்றேன்.

பாருங்கள், நான் எவ்வளவு சாமர்த்தியக்காரன். பிடித்துக்கொள் என்றுதானே சொன்னேன், அதைத்தானே அவர்கள் பாஷையில் சொன்னேன், இதில் பொய் எங்கே இருக்கிறது என்று எனக்கு நானே அந்த இடத்திலேயே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் 'ஹிடி' என்ற சத்தம் முந்தின நாள் என் வாயிலிருந்து வரவே இல்லை. அவர் கேட்டது என்ன சொன்னாய் என்று. நான் சொன்னது, என்ன நினைத்தேன் என்பதை. நடுவில் நின்ற மாதப்பா பொய்யராகிப் போனார். மற்ற ஜோடிகள் அவரவர் வேலையிலும், அதிகாரியும் டாக்டரும் கிடங்கின் மறு கோடியிலும் இருந்ததால், வேறு யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

மாதப்பா என்னையே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஏதோ கணக்கில் தப்பு விட்டவர் மாதிரி குழம்பிப் போய்ப் பார்த்துவிட்டு, "நீவு ஹேளித்ரே சரி, மேஷ்ட்ரே" என்றார். நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதைக் கேட்டும் நான் சொன்னதைத் திருத்தவில்லை.

சொன்னதைச் சரியாகக் கேட்காதவர் கையில் பிள்ளைகளை ஒப்படைக்கமுடியாது என்று எழுதி, அவரை வகுப்பிலிருந்து நீக்கினார்கள். அன்று மத்தியானமே தகரப் பெட்டியோடு குண்டலுபேட்டை பஸ் ஏறிவிட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார். எனக்கு வேலை நிலைத்தது. மேலாளர் என் தோளில் தட்டி, உன்மேல் தவறில்லை என்று அதிகாரிக்கே திருப்தி என்றார். தினமும் நான்கு மணிக்கு எழுந்து போய் வகுப்பு எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். மனுஷனுக்குப் பழகிவிடும், அதுதான் பயங்கரம்.

இரண்டு வாரம் கழித்துத்தான் ஏகாம்பரத்தைப் பார்க்கப் போனேன். அதுவரை தினமும் ஏதோ ஒரு சாக்கு. கையை உடம்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நான் வாங்கிப்போன ஆரஞ்சுப் பழத்தை அவரே ஒற்றைக் கையால் உரிக்கப் பார்த்துக்கொண்டு, முதலில் கேட்டது மாதப்பாவைப் பற்றித்தான்.

"எங்க அந்தாளு? ஒரு தரம் கூட வரல. பயந்துகினு ஊட்டாண்ட போயிட்டானா?"

நீக்கிவிட்டார்கள் என்றேன். ஏன் என்றார். நான் சொன்னதைத் தப்பாகக் கேட்டுவிட்டான் என்றேன்.

"இன்னா சொன்னீங்க நீங்க? பிடின்னுதான சொன்னீங்க? எனக்கு நல்லாக் கேட்டுதே. தலகீயா இருந்தேன், ஆனா கேட்டுது."

"ஆமாம், பிடின்னுதான் சொன்னேன்" என்றேன்.

ஆரஞ்சு உரிப்பதை நிறுத்திவிட்டார். கழுத்தைத் திருப்பமுடியாது, கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிய எவ்வளவு நேரமாகும்? பதினைந்து நாள் தலைவலியோடு படித்த பாடமல்லவா அவருக்கு அது.

"யோவ், என் நோட்டுல இருந்த அதே வார்த்தைய்யா அது! தமிழ் தெரிஞ்ச எனக்கு அதைக் கேட்டா புடி. அந்தாளுக்குக் கேட்டா வுடு. நீ இன்னா சொன்னேன்னு அவங்க கேட்டப்ப இன்னா சொன்ன?"

அதுவரை 'நீங்க' என்று மரியாதையாகப் பேசியவர். நான் கையிலிருந்த பையை மடிக்கத் தொடங்கினேன். அதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு ஆனப்ப ஊரக் கூட்டி சிரிச்ச. அவனுக்கு ஆனப்ப ஊட்டுக்கு அனுப்பிட்ட. நல்ல வாத்யாரு நீ! எட்த்துகினு போய்யா உன் பயத்த" என்று ஆரஞ்சைத் தள்ளினார். அது கட்டிலிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. நான் அதைக் குனிந்து எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வீரம் வந்து போகவில்லை, ஏகாம்பரம் குணமாகி வந்தால் எப்படியும் சொல்லிவிடுவார் என்ற பயமும் அதில் பாதி இருந்தது. மேலாளர் நல்லவர்தான். ஆனால் தலையில் கை வைத்துக்கொண்டார். அறிக்கை போய்விட்டது, அதைக் கிளறாதே, ஆசிரியர்களைத் தயார் செய்கிற இடத்தில் ஆசிரியருக்கே எந்தப் பாஷை பேசுகிறோம் என்று தெரியவில்லை என்றால் ஊர் சிரிக்கும் என்றார். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், இங்கே சிரிப்பை முதலில் தொடங்கியவனே நான்தான் என்றேன். முழுவதையும் எழுதிக் கொடுத்தேன். 'ஹிடி' என்று சொன்னது பொய் என்றும் எழுதினேன். அந்த ஒரு வரியை எழுதத்தான் ரொம்ப நேரமாயிற்று.

என்னைத் தலைமைப் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். சங்கத்தின் குழந்தைகள் வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். நான்கு வருஷம் அங்கேயே இருந்தேன். அது ஒன்றும் தண்டனையாக இல்லை, குழந்தைகள் நாம் சொல்வதை அப்படியே நம்பிவிடமாட்டார்கள், மூன்று தரம் ஏன் என்று கேட்பார்கள். மாதப்பாவுக்கு, நீக்கியதை ரத்து செய்து, அடுத்த வகுப்பில் சேர்ந்துகொள்ளலாம் என்று கடிதம் தயாரானது. கையோடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று நானே வாங்கிக்கொண்டேன்.

இடையில் உங்களுக்கு இரண்டு சங்கதி. பிடித்திருப்பவர் விடுவதற்கு நாங்கள் அதன்பிறகு எந்த வார்த்தையும் வைத்துக்கொள்ளவில்லை. வளைந்திருப்பவரே தரையை இரண்டு தரம் தட்டவேண்டும், அப்போதுதான் விடவேண்டும். யார் கத்தினாலும் விடக்கூடாது, ஆசிரியர் கத்தினாலும் விடக்கூடாது. நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பில் இப்போது இந்தி வருகிறது, இங்கிலீஷ் வருகிறது, வெள்ளைக்காரர்கள்கூட வருகிறார்கள், உங்களுக்கு இது இன்னும் அவசியம். இரண்டாவது சங்கதி, ஏதாவது ஏடாகூடமாகி, என்ன சொன்னீர்கள் என்று யாராவது கேட்டால், உங்கள் வாயிலிருந்து வந்த சத்தத்தைச் சொல்லுங்கள். அதற்கு என்ன அர்த்தம் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

குண்டலுபேட்டையில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். ஓட்டு வீடு. வாசலில் மாதப்பாவின் மனைவி கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். மைசூரிலிருந்து வந்திருக்கும் வாத்தியார் என்றதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார், ஆனால் உரக்கப் பேசவேண்டும் என்றார். "கிவிகே எண்ணெ பிட்டிதீவி" என்றார். கிவி என்றால் காது. காதுக்கு எண்ணெய் விட்டிருக்கிறார்களாம்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன். அந்தம்மாள்தான் சொன்னார். மைசூரிலிருந்து வந்த நாள்முதல் இவருக்குக் காது கேட்பதில்லையாம். கூப்பிட்டால் திரும்புகிறார், பேசினால் பதில் சொல்கிறார், ஆனால் தனக்குக் காதில் கோளாறு, ஒன்று சொன்னால் வேறொன்று கேட்கிறது என்கிறாராம். நாட்டு வைத்தியரிடம் போய் மூன்று வாரமாகத் தினம் இரண்டு வேளை எண்ணெய். பள்ளிக்கூடத்துக்கும் போய், இந்தக் காதை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு டிரில் எடுக்கமாட்டேன், யாருக்காவது கை கால் போய்விடும் என்று தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாராம்.

உள்ளே பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். இரண்டு காதிலும் பஞ்சு. கன்னத்தில் எண்ணெய் வழிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றார், டிரில் மாஸ்டர் நிற்கிற மாதிரி விறைப்பாக. ஏகாம்பரம் எப்படி இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்டார். எலும்பு கூடிவருகிறது என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார். கடிதத்தைக் கொடுத்தேன். படித்தார். மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வேண்டாம் மேஷ்ட்ரே, பெரிய மனசு பண்ணிக் கூப்பிடுகிறீர்கள், ஆனால் நான் வந்தால் இன்னொருவரைக் கீழே போடுவேன் என்றார் கன்னடத்தில்.

உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. நின்றபடியே இருந்தவருக்கு எதிரே நின்று, அந்த வார்த்தை தமிழில் என்ன, கன்னடத்தில் என்ன, அன்றைக்கு நான் என்ன கத்தினேன், மறுநாள் அதிகாரியிடம் எதை மாற்றிச் சொன்னேன் என்பதையெல்லாம் உரக்க, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி சொன்னேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அவர் அதையெல்லாம் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. வலது காதுப் பஞ்சை எடுத்தார். இடது காதுப் பஞ்சையும் எடுத்தார்.

அன்றைக்குக் கத்தியதை அப்படியே இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

"பிடி பிடி பிடி" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு தரம் என்றார். சொன்னேன். அவருடைய இரண்டு கைகளும் தாமாகவே திறந்தன. கண்ணைத் திறந்து அந்தக் கைகளைப் பார்த்தார். பஞ்சைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு, நான் ஒருவன் அங்கே நிற்பதையே மறந்தவராக வாசல் பக்கம் திரும்பி, இங்கே வா என்று மனைவியைக் கூப்பிட்டு, குரல் உடைந்துபோய்க் கத்தினார்.

"ஏ, பா இல்லி! நன்ன கிவி சரியாகே இதெ! சரியாகே இதெ!"